யாரும் தூக்காதீங்க

போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு மணி வகுப்பு. பெரம்பூரில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறது எங்கள் ஜூடோ ஹால். பிளஸ் ஒன் படிக்கும் பையன் ஒருவன் உச்சிமாட்டா போடப் போனான். எதிராளியை முன்பக்கம் இழுத்து, சட்டென்று திரும்பி, அவருடைய தொடைகளுக்கு நடுவே காலை வீசிக் கவிழ்க்கும் வீச்சு அது. எதிரே நின்றவன் கனமான ஆள், அசையவில்லை. இவனும் விடவில்லை. இழுத்த வேகத்தில் தானே முன்னால் கவிழ்ந்து, தரையில் விரித்திருந்த பயிற்சி மெத்தையான மேட்டில் உச்சந்தலையால் குத்தினான். உடம்பு பின்னாலேயே வந்து கழுத்தின்மேல் இறங்கியது.

சத்தம் பெரிதாக வரவில்லை. ஆனால் எழுந்திருக்க வேண்டியவன் எழுந்திருக்கவில்லை.

அடுத்த நொடி ஏழெட்டுப் பிள்ளைகள் ஓடிவந்துவிட்டார்கள். ஒருவன் தோளுக்கடியில் கையைக் கொடுத்தான். இன்னொருத்தி காலைப் பிடித்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் ஐயா, "தூக்கி உக்கார வைம்மா, கொஞ்சம் தண்ணி குடு" என்றபடி சொம்போடு வந்தார். எல்லோரும் நல்ல மனதோடுதான் வந்தார்கள். நான் கத்தின கத்தலில் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் அழுதே விட்டார்கள்: "யாரும் தூக்காதீங்க! கையை எடுங்க!"

அவன் தலைமாட்டில் மண்டியிட்டேன். இரண்டு முழங்கைகளையும் மேட்டில் ஊன்றி, காதுகளுக்கு இருபுறமும் உள்ளங்கையை வைத்து, தலை எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டேன். இழுக்கவில்லை, நேராக்கவில்லை. "அக்கா, எனக்கு ஒண்ணுமில்ல, எழுந்துக்கறேன்" என்றான். "அப்புறம் எழுந்துக்கலாம்டா. கண்ணால மட்டும் என்னைப் பாரு. கை விரலை ஆட்டு. கால் கட்டை விரலை ஆட்டு. எங்கயாவது மரத்துப்போன மாதிரி இருக்கா?" விரல்கள் எல்லாம் அசைந்தன. ஆனால், "ரெண்டு கையும் ஜிவ்வுனு இருக்குக்கா, கரன்ட் ஓடற மாதிரி" என்றான்.

அந்த 'ரெண்டு கையும்' என்ற சொல்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு கை மட்டும் எரிந்து ஜிவ்வென்றால், கழுத்திலிருந்து தோள்வழியாகப் போகும் நரம்புக் கற்றை இழுபட்டிருக்கலாம். மல்யுத்தம், ரக்பி ஆடுபவர்களுக்கு அது அடிக்கடி வரும். பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். இரண்டு கைகளிலும் வந்தால் பாதிப்பு நடுவில், தண்டுவடத்தில் இருக்கலாம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 108-க்கு போன் போட்டோம். அவர்கள் வந்து கழுத்துப் பட்டை மாட்டி, பலகையில் கட்டி இறக்கும்வரை இருபது நிமிடத்துக்கு மேல் நான் கையை எடுக்கவில்லை. படிக்கட்டில் நின்ற பைக்குகளை நகர்த்த மட்டுமே நாலு நிமிடம் ஆனது. அன்றைக்கே அந்த இடத்தில் வண்டி நிறுத்தக்கூடாது என்று முடிவு செய்தோம்.

அவனுக்கு எலும்பு முறிவு இல்லை. ராத்திரிக்குள் கை சரியாகிவிட்டது. தண்டுவடம் அதிர்ந்திருக்கிறது, மூன்று மாதம் மேட்டில் ஏறக்கூடாது, அதற்குப் பிறகு மறுபடி பார்த்துத்தான் சொல்வோம் என்றார் மருத்துவர். பையனின் அப்பா மறுநாள் வந்து, "நீங்க ஏன் மேடம் தூக்க விடல?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

எனக்குப் பத்தொன்பது வயதில் இதேபோல் ஒரு விழுகை. வேறு ஹால், வேறு ஆட்கள். கல்லூரிப் போட்டிக்கு முந்தின வாரம். என்னைத் தூக்கிப் போட்டபோது, முதுகு படக்கூடாது, புள்ளி போய்விடும் என்று தலையை ஊன்றித் திரும்பப் பார்த்தேன். கழுத்தில் 'களுக்' என்று ஒரு சத்தம். என்னைத் தூக்கி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கோலி சோடா வாங்கி வந்தார்கள். அப்புறம் ஒருவர் தோள்களை அழுத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் தாடையையும் பிடரியையும் பிடித்துத் தலையை மேல்நோக்கி இழுத்தார். "சுளுக்கு, எடுத்தாச்சு" என்றார்கள். ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போனேன். ராத்திரி அம்மா காபி கொடுத்தபோது டம்ளர் கையில் நிற்கவில்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் யாருடைய விரல்களோ போலக் கிடந்தன.

மறுநாள் மருத்துவர் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே கேட்ட கேள்வி: "கழுத்தை இழுத்தது யாரு?" ஐந்தாவது, ஆறாவது கழுத்து எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தியிருந்தது. எலும்பு உடைந்திருந்தால், அந்த இழுப்பில் நான் கழுத்துக்குக் கீழே எதையும் அசைக்க முடியாமல் போயிருப்பேன் என்றார். விரல்கள் முழுசாக எனக்குத் திரும்ப வர மூன்று மாதத்துக்கு மேல் ஆனது.

விழுந்தவரைத் தூக்குவது நம் ஊரில் ஒரு மரியாதை. தெருவில் வண்டி சாய்ந்தாலும் பத்து கைகள் வரும். அந்தக் குணத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவருக்கு, அந்தப் பத்து கைகளும் தள்ளி நின்று, ஒரே ஒரு ஜோடிக் கை தலையை அசையாமல் பிடித்துக்கொள்வதுதான் உதவி. வாந்தி வந்தால் மட்டும் மூன்று நான்கு பேர் சேர்ந்து, தலையைப் பிடித்திருப்பவர் சொல்லும் எண்ணிக்கைக்கு ஏற்ப, தலையையும் தோளையும் இடுப்பையும் ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் உருட்ட வேண்டும். மூச்சு நின்றுவிட்டால் கழுத்தைப் பற்றிய யோசனையெல்லாம் அடுத்ததுதான், நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிட வேண்டும். இதைத் தவிர வேறெதற்காகவும் நகர்த்த வேண்டியதில்லை. தண்ணீர், சோடா, தைலம் எதுவும் வேண்டாம்.

கழுத்து ஏன் இவ்வளவு சிக்கலான இடம்? தலையின் எடை ஏறக்குறைய ஐந்து கிலோ. அதை ஏழு சின்ன எலும்புகள் தாங்குகின்றன. அவை லேசாக முன்பக்கம் வளைந்து நிற்பதால், அடி விழும்போது ஸ்பிரிங் மாதிரி வளைந்துகொடுக்கும். தலையைச் சற்றுக் குனிந்து உச்சந்தலையால் மோதினால் அந்த வளைவு போய், ஏழு எலும்பும் ஒரே குச்சியாக நேராகிவிடும். குச்சி வளையாது, நொறுங்கும். அமெரிக்கக் கால்பந்தில் இதைத்தான் ஜோசப் டார்க் என்ற மருத்துவர் கண்டுபிடித்துச் சொன்னார். தலையை ஈட்டி மாதிரி நீட்டி மோதும் ஆட்டத்தை 1976-இல் தடை செய்தார்கள். அந்த ஆண்டு 34 பேர் கைகால் முடங்கிப் போயிருந்தார்கள். 1984-இல் அந்த எண்ணிக்கை 5. புதுத் தலைக்கவசமோ புது மருந்தோ இல்லாமல், ஒரு விதியை மாற்றியே இத்தனை கழுத்துகள் தப்பின. ஜூடோவிலும் இதே காரணத்துக்காகத்தான், வீச்சுப் போடும்போது தலையை முதலில் மேட்டுக்குள் விடுபவரை அந்த நொடியே ஆட்டத்திலிருந்து நீக்குகிறார்கள். எங்கள் பையன் செய்ததும் அதுதான். போட்டியாக இருந்திருந்தால் நடுவர் வெளியே அனுப்பியிருப்பார். பயிற்சியில் அந்த நடுவர் நான். அவன் மூன்று வாரமாகவே தலை தாழ்த்தி நுழைந்துகொண்டிருந்ததை நான் கண்டித்திருக்க வேண்டும். அந்தத் தவறு என்னுடையது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் பள்ளி ஆண்டு விழாக்களில் கராத்தே நிகழ்ச்சி என்றால் என்ன நடக்கிறது? ஓடுகளை அடுக்கி, பத்து வயதுப் பிள்ளை தலையால் உடைக்கிறது. முதுகில் டியூப்லைட் உடைக்கிறார்கள். வயிற்றில் பைக் ஏற்றுகிறார்கள். பெற்றோர் செல்போனில் படம் பிடித்துக் கை தட்டுகிறார்கள். வளரும் எலும்புள்ள குழந்தையின் உச்சந்தலையில், கழுத்துக்கு நேராக, வேண்டுமென்றே அடி வாங்க வைப்பதற்குப் பெயர் கலை இல்லை. அடுக்கிய ஓடுகளைத் தலை உடைத்த பிறகு அந்த விசை எங்கே போகிறது? நேராகக் கழுத்துக்குள். எனக்குத் தெரிந்த நல்ல மாஸ்டர்கள் இதைக் கைவிட்டு வருடங்களாகின்றன. இன்னமும் செய்பவர்களிடம் நான் நேரில் போய்ப் பேசியிருக்கிறேன், இனியும் பேசுவேன். உங்கள் பிள்ளையின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால், தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். கட்டா என்னும் வரிசை அசைவுகளைச் செய்யட்டும், சிலம்பம் சுற்றட்டும். பார்க்க அதைவிட அழகு.

சரி, விழாமல் இருக்க முடியுமா? முடியாது. அதனால்தான் விழக் கற்றுக்கொள்ள வேண்டும். 1882-இல் ஜிகோரோ கானோ டோக்கியோவில் ஜூடோவைத் தொடங்கியபோது, பழைய ஜுஜுட்சுவிலிருந்து எடுத்துக்கொண்ட ஆபத்தான பிடிகளை ஒதுக்கிவைத்தார். உக்கெமி என்னும் விழும் பயிற்சியை அடித்தளமாக வைத்தார். இங்கே நாங்கள் அதை பிரேக் ஃபால் என்போம். எங்கள் ஹாலில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதல் ஆறு வாரம் வேறு எதுவும் கிடையாது. முதலில் படுத்தபடி, அப்புறம் குந்தி உட்கார்ந்து, அப்புறம் நின்று, கடைசியில்தான் ஒருவர் தூக்கிப்போட. பெற்றோர்கள் பொறுமை இழப்பார்கள். "ரெண்டு மாசமா விழுந்துட்டே இருக்கான் மேடம், எப்போ சண்டை சொல்லித் தருவீங்க?" என்பார்கள்.

ஒரு கைக்குட்டையை நாலாக மடித்து, தாடைக்கும் மார்புக்கும் நடுவில் வைத்துக் கவ்வச் சொல்வேன். பின்னால் விழுந்து எழும்வரை கைக்குட்டை கீழே விழக்கூடாது. பார்வை பெல்ட் முடிச்சில் இருக்க வேண்டும். கைகள் உடம்பிலிருந்து நாற்பத்தைந்து டிகிரி தள்ளி, உள்ளங்கை கீழ்நோக்கி, முதுகு தொடும் அதே நேரத்தில் மேட்டில் அறைய வேண்டும். அந்தச் சத்தம் சரியாக வந்தாலே எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். கை முந்தினால் 'டப்-தொம்', பிந்தினால் 'தொம்-டப்', சேர்ந்தால் ஒரே 'டம்'. மூச்சை வெளியே விட வேண்டும். பின்னால் கையை ஊன்றவே கூடாது, மணிக்கட்டு போய்விடும். கைக்குட்டை விழுந்ததென்றால், தலை பின்னால் வெட்டி மேட்டில் படப்போகிறது என்று அர்த்தம்.

இந்தத் தலை வெட்டுதான் ஜப்பானில் பிள்ளைகளைக் கொன்றது. 1983-க்கும் 2011-க்கும் இடையில் அங்கே பள்ளி ஜூடோவில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இறந்திருக்கிறார்கள். பலருக்கும் தலையில் அடி, மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு. அதிலும் புதிதாகச் சேர்ந்த மாணவர்கள்தான் அதிகம். ஓ-சோட்டோ-காரி என்று ஒரு வீச்சு, ஆளைப் பின்பக்கமாகச் சாய்த்துப் போடுவது. கழுத்தில் பலமில்லாத, தாடையை இறக்கத் தெரியாத பிள்ளையை அப்படிப் போட்டால் தலை சாட்டை மாதிரி பின்னால் சொடுக்கும். பிள்ளைகளை இழந்த பெற்றோர் சேர்ந்து போராடிய பிறகுதான் அங்கே பாதுகாப்பு விதிகள் இறுகின. ஜூடோ பிறந்த மண்ணிலேயே இப்படி என்றால், மொட்டை மாடியில் சிமெண்ட் தரைமேல் பழகும் நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு கவனம் வேண்டும்? அதனால் எங்களிடம் வெள்ளை பெல்ட் பிள்ளைகளை ஓ-சோட்டோ-காரியால் போட அனுமதி இல்லை. ஆறு மாதம் கழித்துத்தான், அதுவும் போடுபவர் கடைசிவரை சட்டைக் கையை விடாமல் பிடித்திருக்க வேண்டும் என்ற கட்டளையோடு.

தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் பழகிய காலத்தில் தேங்காய்நார் மெத்தைகளை அடுக்கி, மேலே படுதாவை இறுக்கிக் கட்டுவோம். இப்போது பல்லோடு பல் கோத்துப் பொருத்தும் ஜிக்சா மேட். கராத்தே கட்டாவுக்கு இருபது மில்லிமீட்டர் போதும், வீச்சுப் பழகுவதென்றால் நாற்பதாவது வேண்டும். வாங்கும்போது தடிமனைப் பார்க்கிறோம், அப்புறம் பார்ப்பதே இல்லை. சென்னைப் புழுக்கத்தில் ஒரு வருடத்தில் பற்கள் தளர்ந்து இடைவெளி விழும். அந்த விரிசலில் கட்டை விரல் மாட்டினால் உடம்பு திரும்பும், கால் திரும்பாது. வகுப்புக்கு முன்னால் நான் செருப்பைக் கழற்றி, பாதத்தால் தடவிக்கொண்டே ஒரு சுற்று நடப்பேன். மெரினா மணலில் பல்டி பழகும் சிலம்பப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அலை வந்து போகும் இடத்து ஈர மணல் சிமெண்ட் மாதிரிதான். மேலே, உலர்ந்த மணலுக்கு வந்துவிடுங்கள்.

இனி முதுகு. கழுத்தடி ஒரு நொடியில் வரும். முதுகு பல வருடமாகச் சேர்த்துவைத்து ஒருநாள் கணக்குக் கேட்கும். எனக்கு 2019-இல் கேட்டது, அதுவும் ஹாலில் இல்லை, வீட்டுச் சமையலறையில். காலை ஆறு மணி, படுக்கையிலிருந்து எழுந்து வந்ததும் 20 லிட்டர் தண்ணி கேனைக் குனிந்து, இடுப்பைத் திருப்பித் தூக்கினேன். அப்படியே நின்றுவிட்டேன். நிமிர முடியவில்லை, உட்கார முடியவில்லை. வலி பின்தொடை, கெண்டைக்கால் வழியாக இறங்கிச் சுண்டு விரல் பக்கம் போய் நின்றது. அந்தக் காலால் முன்பாதத்தை ஊன்றி எம்ப முடியவில்லை. இடுப்பெலும்பு ஐந்தாவதுக்கும் அதற்குக் கீழே உள்ள எலும்புக்கும் நடுவில் இருக்கும் டிஸ்க், அதாவது ஜவ்வு, பிதுங்கியிருந்தது.

கேன் வெறும் சாக்கு. காரணம் இரண்டு. இருபது வருடமாக வலது பக்கமே வீச்சுப் போட்டு, ஒரே பக்கம் திரும்பித் திரும்பித் தேய்ந்தது ஒன்று. இரண்டாவது, அந்த நேரம். இரவு படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். அதனால்தான் காலையில் நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருப்போம். அப்படி இறுகி நிற்கும் டிஸ்க்கை, எழுந்தவுடன் குனிந்து முறுக்கினால் அது தாங்குவது குறைவு. சென்னையில் வெயிலுக்குப் பயந்து பாதி வகுப்புகள் காலை ஐந்தரைக்குத்தான் நடக்கின்றன. வந்ததும் வராததுமாகக் கால் கட்டை விரலைத் தொடு, குனிந்து ஆடு என்று தொடங்குகிறார்கள். நாங்கள் அந்த வழக்கத்தை மாற்றிவிட்டோம். காலை வகுப்பில் முதல் இருபது நிமிடம் நடை, மெல்லோட்டம், தோள், இடுப்பு மூட்டுச் சுழற்சி மட்டும். குனிவது அதற்குப் பிறகுதான். சாயங்காலம் ஓ.எம்.ஆர். அலுவலகத்தில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, பைக்கில் அத்தனை ஸ்பீட் பிரேக்கரும் தாண்டி வருபவர்களுக்கும் இதே விதிதான். அவர்கள் இடுப்பு நாற்காலி வடிவத்திலேயே இறுகிப்போயிருக்கும்.

வீட்டில் அம்மா தரையில் பாய் விரித்து, மூன்று வாரம் எழுந்திருக்கவே கூடாது என்றார். பக்கத்துத் தெருவில் காலை முன்னால் நீட்டிப் பிறந்த ஒரு அம்மா இருக்கிறார், அவர் இடுப்பில் மிதித்தால் பிடிப்பு விடும் என்றும் சொன்னார்கள். மருத்துவரோ, "ரெண்டு நாள் படுத்துக்கங்க, மூணாவது நாள் நடங்க" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அப்போதுதான் பின்லாந்தில் 1995-இல் நடந்த ஆய்வைப் படித்தேன். ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேர், எல்லோருக்கும் கடுமையான இடுப்பு வலி. ஒரு குழுவைப் படுக்க வைத்தார்கள், ஒரு குழுவுக்கு முதுகுப் பயிற்சி கொடுத்தார்கள், ஒரு குழுவிடம் வலி விடும் அளவுக்கு உங்கள் வழக்கமான வேலையைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். சீக்கிரம் தேறியது அந்தக் கடைசிக் குழுதான். பெரம்பூர் மேம்பாலத்துக்குக் கீழே முரசொலி மாறன் பூங்காவில் முதல் நாள் ஒரு சுற்று நடந்தேன், நடுவில் மூன்று முறை நின்று. ஐந்தாவது வாரம் பன்னிரண்டு சுற்று.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் பார்த்து இடிந்துபோனவர்களை நிறையப் பார்க்கிறேன். டிஸ்க் பல்ஜ் (பிதுக்கம்), டீஜெனரேஷன் (தேய்மானம்) என்று போட்டிருக்கும், இனி வாழ்க்கையே முடிந்தது என்று பெல்ட்டைக் கழற்றி வைத்துவிடுவார்கள். வலியே இல்லாத 3,000-க்கும் மேற்பட்டவர்களின் படங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-இல் வந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு முப்பது பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது, நாற்பது வயதில் பாதிப் பேருக்கு. அதாவது நரை மாதிரி அதுவும் ஒன்று. படத்தில் இருப்பது மட்டுமே வலிக்குக் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. நிஜமாகவே பிதுங்கி நரம்பை அழுத்தும் ஜவ்வும், பல பேருக்கு மாதக்கணக்கில் தானாகவே சுருங்கிவிடுகிறது. எனக்கும் கத்தி படாமலே சரியானது.

ஆனால் ஒரு விஷயத்தில் ஒருநாள்கூடக் காத்திருக்காதீர்கள். இடுப்பு வலியோடு சிறுநீர் போவது தெரியவில்லை அல்லது வரவில்லை, தொடை இடுக்கில் சைக்கிள் சீட் படும் இடம் மரத்துவிட்டது, இரண்டு காலும் பலமிழக்கிறது என்றால், அன்றைக்கே, அந்த ராத்திரியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கிறது. தாமதித்தால் அந்த நரம்புகள் திரும்ப வராமலே போகலாம்.

பிள்ளைகளின் முதுகு வலியையும் 'வளர்ற வயசு' என்று ஒதுக்காதீர்கள். பன்னிரண்டு, பதினான்கு வயதில், முதுகைப் பின்னால் வளைக்கும்போது இடுப்பில் ஒரு பக்கம் குத்துகிறது, இரண்டு மூன்று வாரமாகியும் போகவில்லை என்றால், முள்ளெலும்பின் பின்பகுதியில் முடிபோன்ற விரிசல் விழுந்திருக்கலாம். வேகப்பந்து வீசும் பிள்ளைகளுக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளுக்கும் வருவதுதான். சக்கராசனத்தையும் உயர உதைகளையும் நிறுத்தி, சில மாதம் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். வலியோடே ஆட விட்டால்தான் சிக்கல். என்னிடம் பழகிய ஒரு பெண் வலியை நாலு மாதம் சொல்லவே இல்லை. சொன்னால் டீமிலிருந்து எடுத்துவிடுவேன் என்று பயந்திருக்கிறாள். அன்றிலிருந்து வகுப்புத் தொடக்கத்தில் ஒவ்வொருவரிடமும் நானே போய் "இன்னிக்கு எங்க வலிக்குது?" என்று கேட்கிறேன். 'வலிக்குதா' என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

சுளுக்கு எடுப்பவர்கள், புத்தூர் கட்டு, வர்மம் பற்றியும் கேட்பார்கள். தசைப்பிடிப்புக்கு எண்ணெய் தேய்த்து நீவுவதில் எனக்கு மறுப்பே இல்லை, நானும் போவேன். வர்மக்கலையில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம், ஆக உடம்பில் 108 இடங்கள் என்பார்கள். அடிக்கும் இடம் தெரிந்த ஆசானுக்கு இளக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்த மரபின் அறம். தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் வர்மமும், தொக்கணம் என்னும் நீவுமுறையும் முறையாகப் படித்தவர்கள் செய்கிறார்கள். ஆனால் விழுந்து கழுத்தில் அடிபட்ட பிறகு, படம் எடுத்துப் பார்க்காமல் யார் கையிலும் கழுத்தைக் கொடுக்காதீர்கள். சலூனில் முடிவெட்டி முடித்ததும் தலையைத் தட்டி, தாடையைப் பிடித்துச் சடாரென்று திருப்பி நெட்டி எடுப்பார்களே, அதையும் விட்டுவிடுங்கள். கழுத்தெலும்புகளின் ஓட்டைகள் வழியாகத்தான் மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக்குழாய்கள் ஏறுகின்றன. அந்தத் திருப்பலில் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அண்ணே, தலைக்கு மசாஜ் போதும், கழுத்து வேண்டாம் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கழுத்தைப் பலப்படுத்த நாங்கள் செய்வது எளிமையானது. நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தள்ளி, தலை அசையாமல் பத்து நொடி. அதேபோல் பின்னால், இரண்டு பக்கமும். முதுகுக்கு என்றால், பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி உடம்பைத் தூக்கி நிற்பது, மண்டியிட்டு எதிரெதிர் கையும் காலும் நீட்டுவது. கர்லாக்கட்டை சுற்றுவது மேல்முதுகுக்கு அருமை. பதினாறு வயதுக்குக் கீழே தலையை ஊன்றிப் பாலம் போட நான் விடுவதில்லை. வலது பக்கம் இருபது வீச்சு என்றால் இடது பக்கமும் இருபது. பிடியில் மாட்டியவர் இரண்டு முறை தட்டிவிட்டால் அந்த நொடி விட வேண்டும். ஜூடோவில் முழங்கையைத் தவிர வேறெந்த மூட்டையும் பூட்ட அனுமதியில்லை, கழுத்தை முறுக்குவது அறவே கிடையாது. யூடியூபில் பார்த்ததை நண்பன் கழுத்தில் முயன்று பார்க்கும் பையன்களுக்கு இதை வாராவாரம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐப்பசியில் அந்தப் பையனை மருத்துவர் மறுபடி பார்த்துவிட்டு, மெல்ல ஆரம்பிக்கலாம் என்றார். வந்த முதல் நாள் அவனுக்குக் கைக்குட்டைதான் கொடுத்தேன். குந்தி உட்கார்ந்து விழும் பயிற்சி, வெள்ளை பெல்ட் பிள்ளைகளோடு வரிசையில். முகம் சுருங்கியது, ஆனால் செய்தான். அன்று மாதக் கடைசி சனிக்கிழமை. ஒவ்வொரு மாதமும் அந்த நாளில் ஒருவர் அடிபட்டவராகப் படுத்துக்கொள்ள, மற்றவர்கள் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்து பார்ப்போம். ஒருத்தி 108-க்கு என்ன சொல்ல வேண்டும், எந்தத் தெரு, எத்தனாவது மாடி என்று ஒப்பிப்பாள். ஒருவன் கீழே ஓடி கேட்டைத் திறந்து வைப்பான். வாட்ச்மேன் ஐயா வழியில் நிற்கும் வண்டியைப் பார்ப்பார். அன்றைக்குப் படுத்துக்கொள்கிறேன் என்று அவனே கையைத் தூக்கினான். தலைமாட்டில் உட்கார வேண்டியது ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒன்றின் முறை. சின்னக் கைகள், அவன் காதுகளைக்கூட முழுசாக மூடவில்லை. முழங்கைகளை மேட்டில் ஊன்றிக்கொண்டு, சுற்றி நின்ற எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலை உயர்த்திச் சொன்னாள்:

"யாரும் தூக்காதீங்க. அண்ணா, கண்ணால மட்டும் என்னைப் பாருங்க. கால் கட்டை விரலை ஆட்டுங்க பாப்போம்."